ஏரியோரத்தில் மனை வாங்குவோர்க்கு

சென்னையில் அலுவல் பார்ப்போர் ஏரியோரப் புறநகர்களில் குடியேறுதல் புதிதன்று. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கிய பின், காலையில் சென்று மாலையில் திரும்புதல் எளிதாயிற்று. குளிர்ந்த காற்றும் ஊறும் கிணறும் யாரையும் ஈர்க்கும்.

ஆயினும் ஏரி காட்சிக்கென வெட்டப்பட்டதன்று. உழவருக்கு இதைச் சொல்ல வேண்டுவதில்லை. கரைக்குக் கீழுள்ள மனை பெரும்பாலும் பழைய ஆயக்கட்டு நன்செய். மதகு திறந்தால் நீர் பாய்ந்த தாழ்நிலம். ஏரி நிரம்பினால் மிகுநீர் கலங்கல் வழியே வெளியேறி, வாய்க்காலில் அடுத்த ஏரிக்கோ ஆற்றுக்கோ செல்லும். அவ்வாய்க்காலைத் தூர்த்து வீடு கட்டினால், நீர் வீட்டினுள்ளே வழி தேடும். 2015 டிசம்பரில் பல ஏரிகளின் மிகுநீரைச் சுமந்து அடையாறு பெருகியது, முடிச்சூர் மூழ்கியது.

வீடு கட்டும் சங்கத்தார் முன்பணம் கொடுக்குமுன், கிராம வரைபடத்தில் கலங்கலும் வாய்க்காலும் எங்குள்ளன என்று பார்த்தல் வேண்டும். மனை மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அங்கேயே இருக்கக்கூடும்.