குடியிருந்தபடியே வீட்டைப் புதுப்பித்த குடும்பம்!

"வீட்டைக் கட்டிப் பார்; கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள் பெரியவர்கள்.

புது வீடு கட்டுவதாவது பரவாயில்லை. காலி மனையில் வேலை நடக்கும். நாம் வேறு வீட்டில் இருப்போம். பழைய வீட்டில் குடியிருந்துகொண்டே, அந்த வீட்டை உடைத்துப் பழுது பார்ப்பது இருக்கிறதே, அதுதான் பெரிய சோதனை!

சென்னையில் ஒரு குடும்பம் அந்தச் சோதனையில் தேறியிருக்கிறது. கையில் இருந்தது 3 லட்சம் ரூபாய். அதற்கு மேல் கடன் வாங்குவது இல்லை என்று முடிவு. எப்படிச் செய்தார்கள்? பார்ப்போம்.

5 பேர், 1 படுக்கை அறை

வீட்டு வசதி வாரியம் 1961-ம் ஆண்டு அமைக்கப்பட்டது. அது கட்டிய அடுக்குமாடி வீடுகள் சென்னையில் பல இடங்களில் இருக்கின்றன. அவற்றில் 40 வயதைத் தாண்டிய வீடுகளும் உண்டு. இதுவும் அப்படி ஒரு வீடுதான்.

முதல் மாடி. ஒரு கூடம், ஒரு படுக்கை அறை, சமையல் அறை, குளியல் அறையோடு சேர்ந்த கழிப்பறை. மொத்தம் 450 சதுர அடி.

கணவர் அச்சகத்தில் கணக்கு எழுதுகிறார். மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறார். மகன் அப்போது 10-ம் வகுப்பு. மகளுக்கு 5 வயது. கணவரின் தாயாருக்கு முழங்கால் வலி.

வேலை நடக்கும்போது வேறு வீட்டுக்குப் போனால் என்ன? முன்பணம் கொடுக்க வேண்டும். வாடகை கொடுக்க வேண்டும். சாமான் ஏற்றி இறக்கக் கூலி வேறு. பணத்தில் பாதி அதிலேயே போய்விடும். எனவே, "இங்கேயே இருப்போம்" என்று முடிவு செய்தார்கள்.

கதவைத் தட்டிய அக்கா

முதலில் அவர்கள் போட்ட திட்டம் வேறு. தரை முழுவதும் பளபளக்கும் டைல்ஸ். கூடத்துக்கு அலங்காரக் கூரை. சமையல் அறைக்குப் புது அலமாரி.

2023 ஜூன் மாதம் ஒரு நாள் காலை, கீழ் வீட்டுப் பெண்மணி கதவைத் தட்டினார்.

"தங்கச்சி, உங்கள் குளியல் அறைத் தண்ணீர் எங்கள் அடுப்படியில் சொட்டுகிறது. கொஞ்சம் வந்து பாரேன்" என்றார்.

போய்ப் பார்த்தார்கள். கூரை கறுத்திருந்தது. ஓரிடத்தில் பூச்சு பெயர்ந்து, துருப்பிடித்த கம்பி தெரிந்தது.

மேஸ்திரியை அழைத்துக் காட்டினார்கள். அவர் சொன்னார்: "அம்மா, தண்ணீர் உள்ளே இறங்கிக் கம்பியைத் தொட்டிருக்கிறது. கம்பி துருப்பிடித்தால் ஊதும். ஊதினால் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். இதை விட்டுவிட்டு மேலே டைல்ஸ் போடுவது, புண்ணை ஆற்றாமல் பட்டுத்துணி போர்த்துவது மாதிரி!"

அன்று இரவே திட்டம் மாறியது. முதலில் தண்ணீர். அடுத்து மின்சாரம். பிறகு சுவர். அழகு கடைசியில்!

12 நாள் அவதி

ஜூலையில் குளியல் அறையில் கை வைத்தார்கள். வீட்டுக்கு இருப்பது ஒரே கழிப்பறை. அதை உடைத்துவிட்டால் எங்கே போவது? முழங்கால் வலியோடு பாட்டி எத்தனை படி இறங்குவார்?

புகார் சொல்ல வந்தாரே கீழ் வீட்டு அக்கா, அவரே வழி சொன்னார்.

"வேலை முடிகிற வரை எங்கள் வீட்டுக் குளியல் அறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பாட்டியம்மா பகலில் எங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்றார்.

பழைய இரும்புக் குழாய்களை எடுத்தார்கள். உள்ளே துரு ஏறி, விரல் நுழைகிற துவாரம் பென்சில் அளவுக்குச் சுருங்கியிருந்தது! தண்ணீர் ஏன் நூலாக வந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. புதிதாக சி.பி.வி.சி. குழாய் போட்டார்கள். கழிவுநீர்க் குழாயையும் மாற்றினார்கள்.

பிறகு தரையிலும், சுவரில் ஓர் அடி உயரம் வரையிலும் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு பூசினார்கள். அது காய்ந்ததும் போக்குக் குழாயை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி 2 நாள் விட்டார்கள். கீழ் வீட்டு அக்கா காலையும் மாலையும் கூரையை அண்ணாந்து பார்த்தார். ஒரு சொட்டும் இல்லை!

இந்தச் சோதனை முடியாமல் டைல்ஸ் ஒட்டக்கூடாது. ஒட்டிய பிறகு கசிந்தால், எல்லாவற்றையும் மறுபடி உடைக்க வேண்டியதுதான்.

கீழ் வீட்டுக் கூரையையும் சரி செய்தார்கள். பெயர்ந்த கான்கிரீட்டைத் தட்டி எடுத்து, கம்பியின் துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, துரு தடுக்கும் பூச்சு கொடுத்து, அதன் மேல் கலவை பூசினார்கள். கம்பி அதிகம் தேயவில்லை. தேய்ந்திருந்தால் கட்டிடப் பொறியாளரைத்தான் அழைக்க வேண்டும்.

பாட்டிக்காக உட்காரும் கழிப்பறையும், பிடித்து எழ ஒரு கைப்பிடியும் வைத்தார்கள். மொத்தம் 12 நாள் ஆயிற்று.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம்

மரச்சட்டத்தில் ஆணி அடித்துப் போட்ட பழைய ஒயர். மேலுறை காய்ந்து, வளைத்தால் வெடித்தது. நிலத்தோடு இணைக்கும் எர்த் ஒயரே பல இடங்களில் இல்லை. இந்த ஒயரில்தான் பிரிட்ஜும், சலவை எந்திரமும், தையல் மோட்டாரும் ஓடின!

உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு முழுவதும் மாற்றினார்கள். விளக்கு, விசிறிக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். பெரிய பிளக்குகளுக்கு 2.5. வெந்நீர் கொதிகலனுக்கு 4. மின்சாரம் உடம்பில் பாய்ந்தால் கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவியையும் வைத்தார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது அணைத்துவிடும்.

சுவரை வெட்டி ஒயரைப் புதைக்கவில்லை. பழைய அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் சுவர்தான் மேல்தளத்தைத் தாங்குகிறது. அதைக் கண்டபடி வெட்டுவது ஆபத்து. எனவே, சுவரின் மேல் பிளாஸ்டிக் பட்டை அடித்து ஒயரை உள்ளே ஓட்டினார்கள். செலவும் குறைவு, தூசும் குறைவு.

ஓர் அறை எப்போதும் சுத்தம்

"வீடு முழுவதையும் ஒரே நேரத்தில் கலைக்கக்கூடாது. ஓர் அறையாவது மனிதர் இருக்கிற இடமாக இருக்க வேண்டும்." இது மனைவி போட்ட சட்டம்.

படுக்கை அறையில் வேலை நடந்தபோது எல்லோரும் கூடத்தில் படுத்தார்கள். கூடத்தில் நடந்தபோது படுக்கை அறைக்கு மாறினார்கள். சமையல் அறை வேலையின்போது, கூடத்தில் மின்சார அடுப்பு. ஒரே குழம்பு, ஒரே பொரியல். மாலை 5 மணிக்கு வேலை நிற்க வேண்டும். 6 மணிக்கு மகன் படிக்க உட்கார வேண்டும். செப்டம்பரில் அவனுக்குக் காலாண்டுத் தேர்வு!

வாசற்படியில் பழைய சேலையை நனைத்துத் தொங்க விட்டார்கள். தூசு அதில் ஒட்டிக்கொண்டது. பழைய பெயிண்டைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்துத்தான் சுரண்டினார்கள். அந்த நேரத்தில் 5 வயது மகளைக் கீழ் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காரணம் இருக்கிறது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கடுமையான வரம்பு நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது.

அவசரத்தின் விலை

ஒரு தவறும் நடந்தது. படுக்கை அறைச் சுவருக்குப் புதுப் பூச்சு பூசி, 7 நாள் தண்ணீர் விட்டார்கள். ஈரம் காயும் முன்பே, "சீக்கிரம் முடியட்டும்" என்று கணவர் பெயிண்ட் அடிக்கச் சொல்லிவிட்டார். பத்தே நாளில் அப்பளம் போலக் கொப்புளம்! சுரண்டி மறுபடி அடித்ததில் 4 ஆயிரம் ரூபாய் வீண்.

"மேஸ்திரி வேண்டாம் என்றுதான் சொன்னார். நான்தான் கேட்கவில்லை" என்று அவரே ஒப்புக்கொள்கிறார்.

தரைக்குள் இருந்த புதையல்

டைல்ஸ் என்ன ஆயிற்று? போடவே இல்லை!

தரை பழைய மொசைக். அழுக்கு ஏறிக் கறுத்திருந்தது. மேஸ்திரி ஒரு மூலையைத் தேய்த்துக் காட்டினார். வெள்ளையும் பச்சையுமாகச் சலவைக்கல் துண்டுகள் மின்னின. எந்திரம் வைத்து முழுவதும் தேய்த்து மெருகேற்றினார்கள். பழைய தளத்தின் மேல் புதிய பாரம் ஏறவில்லை. கதவுகளின் அடியை அறுக்கும் வேலையும் இல்லை.

கணக்கு இதோ!

குளியல் அறை, குழாய், கீழ் வீட்டுக் கூரை: ரூ.1,05,000
மின்சாரம்: ரூ.62,000
சுவர்ப் பூச்சு, ஜன்னல் வெடிப்பு: ரூ.38,000
சமையல் அறை: ரூ.35,000
பெயிண்ட் (வீணானதும் சேர்த்து): ரூ.30,000
தரை மெருகு: ரூ.14,000
குப்பை அகற்றல், சில்லறைச் செலவு: ரூ.16,000
மொத்தம்: ரூ.3,00,000

பணத்தை மொத்தமாகக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வேலையும் முடிந்த பிறகு கொடுத்து, நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். வேலை தொடங்கும் முன்பே குடியிருப்போர் சங்கத்துக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிவிட்டார்கள்.

மழை வைத்த தேர்வு

செப்டம்பர் முதல் வாரம் வேலை முடிந்தது. மகன் நிம்மதியாகத் தேர்வு எழுதினான். ஆனால், வீட்டுக்கு வேறொரு தேர்வு காத்திருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. சென்னையில் பேய்மழை. முன்பெல்லாம் ஜன்னல் மேல் இருந்த வெடிப்பு வழியாகச் சுவர் ஊறிவிடும். சாரம் கட்டி வெளிப்புறமாக அதை அடைத்திருந்தார்கள். பாட்டி அன்று இரவு இரண்டு முறை எழுந்து சுவரைத் தடவிப் பார்த்தாராம். காய்ந்தே இருந்தது!

மறுநாள் காலை கீழ் வீட்டு அக்கா மறுபடி கதவைத் தட்டினார். இந்த முறை புகார் சொல்ல அல்ல. "அங்கே எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்க!

வீட்டில் அலங்காரக் கூரை இல்லை. புது டைல்ஸ் இல்லை. ஆனால், தண்ணீர் போக வேண்டிய வழியில் போகிறது. மின்சாரத்தைப் பற்றிப் பயம் இல்லை. பாட்டி யார் கையையும் பிடிக்காமல் குளியல் அறைக்குப் போய் வருகிறார்.

கையில் பணம் குறைவா? கண்ணுக்குத் தெரியாத வேலையை முதலில் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியும் அழகு, மெதுவாக வரட்டும்!