கோணல் காசு லட்சம் தருமா?

"அச்சுப் பிழையான அஞ்சு ரூபாய் காசு இருக்கா? லட்ச ரூபாய்க்கு எடுத்துக்கிறோம்!" போனில் இப்படி ஒரு குரல் கேட்டால் கல்லாவைக் கொட்டிக் கிளறாத கடைக்காரர் யார்? கொஞ்சம் பொறுங்கள்!

நாணய சாலையில் மேலும் கீழும் இரண்டு அச்சு. நடுவே வெற்று வில்லை. 'டங்' என்று ஓர் அடி. காசு ரெடி! அந்த அடியின்போதோ, அதற்கு முன்போ நேர்ந்த தவறுதான் உண்மையான பிழை.

வில்லை விலகியிருந்தால், படம் ஓரமாகப் போய் மறுபுறம் பிறைபோல் மொட்டையாக நிற்கும். முந்தைய காசு அச்சில் ஒட்டிக்கொண்டால், அடுத்த காசின் இரு பக்கமும் ஒரே படம். ஒன்று மேடு, மற்றது பள்ளம், அதுவும் இடவலம் மாறி!

தேய்மானம் வேறு

மேடான இடம்தான் முதலில் தேயும். சிங்க முகம் மழுங்கினால் அது பிழையல்ல. பஸ் சக்கரத்தில் நசுங்கியது, அரத்தால் ராவியது, ஆசிட்டில் ஊறியது எல்லாம் வெறும் சேதம். லென்சில் பார்த்தால் கீறல் காட்டிக் கொடுத்துவிடும்.

ஆண்டுக்குக் கீழே மும்பைக்கு வைரம், ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. ஒன்றுமே இல்லையா? பிழையில்லை, கொல்கத்தா காசு!

"முதலில் கமிஷன் கட்டுங்க" என்றால் உஷார். பழைய காசு, நோட்டு விற்பனைக்குத் தாங்கள் கட்டணமோ கமிஷனோ கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்தது.

காசு கோணலா என்று பார்க்கும் முன், கேட்கிற ஆள் கோணலா என்று பாருங்க!