இங்கிலீஷுக்கு யார் ஓனர்?

பி.காம். முடித்து முதல் வேலையில் சேர்ந்த புதிது. 'மீட்டிங் ப்ரிபோன் செய்யப்பட்டுள்ளது' என்று இங்கிலீஷில் ஒரு சர்க்குலர் டைப் அடித்துக் கொண்டு போனேன். மேனேஜர் 'ப்ரிபோன்' மேல் சிவப்பு மையில் வட்டம் போட்டார். "இங்கிலீஷ்ல இப்படி ஒரு வார்த்தையே கிடையாதுய்யா! எந்தக் காலேஜ்ல படிச்சே?"

ஆபீஸே சிரித்தது. அப்புறம் ஆறு மாசம் நான் மீட்டிங்கில் வாயே திறக்கவில்லை.

ஸாரி ஸார், ஜெயிச்சது நான்தான்! 'போஸ்ட்போன்' என்பதற்கு ஜோடியாக நம்ம நாட்டு ஆபீஸ்களில் புழங்கிப் புழங்கி, 'ப்ரிபோன்' இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. 2016-ல் நம்ம 'ஐயோ'வும் உள்ளே போயாச்சு!

எப்படி விட்டார்கள்? வாசலில் வாட்ச்மேன் இல்லை, அவ்வளவுதான். பிரெஞ்சு மொழிக்கு 1635-லேயே ஒரு அகாடமி வைத்து விட்டார்கள். இங்கிலீஷுக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று 1712-ல் கோரிக்கை வைத்தார் ஜோனதன் ஸ்விஃப்ட் (கலிவர் கதை எழுதினாரே, அவரேதான்). நடக்கவில்லை. 1755-ல் பெரிய அகராதி போட்ட சாமுவேல் ஜான்சன், மொழியைக் கட்டிப் போட முடியாது என்று முன்னுரையிலேயே கையைத் தூக்கி விட்டார். 1828-ல் அமெரிக்காவில் நோவா வெப்ஸ்டர் தன் அகராதியில் 'கலர்' என்ற சொல்லிலிருந்து 'யு'வைக் கழற்றி விட்டார். யாரும் அவரை ஜெயிலில் போடவில்லை!

அர்த்தமும் அப்படித்தான். சுமார் 700 வருஷம் முன்பு 'நைஸ்' என்றால் முட்டாள். அந்தக் காலத்தில் உங்களை யாராவது 'நைஸ்' என்றிருந்தால், சட்டையைப் பிடித்திருப்பீர்கள்.

அதுக்காக, 'எப்படி வேணா எழுதலாம்'னு கிளம்பிடாதீங்க. மும்பையில் புரிகிற 'ப்ரிபோன்', லண்டன்காரரைத் தலை சொறிய வைக்கலாம். அவருக்கு 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று எழுதுங்கள். லெட்ஜரில் 'பிராட் ஃபார்வர்ட்' போட்ட காமர்ஸ்காரனுக்கு இது கஷ்டமா என்ன? எதிராளிக்குப் புரியணும், அதுதான் இலக்கணம்.

மற்றபடி, யாராவது சிரிப்பார்களோ என்று வாயை மூடிக் கொள்ளாதீர்கள். என் வார்த்தைக்கு அகராதியில் இடம் கிடைத்து விட்டது. அந்த ஆறு மாசத்தை எந்த அகராதி திருப்பித் தரும்?