மீட்டர் எண்ணாத வயது

திருகோணமலையிலிருந்து கிண்ணியா, மூதூர் தாண்டி வெருகல் பக்கம் வரும் வீதியில் ஒரு காலத்தில் சொகுசுக் காருக்கு வேலையே இருக்கவில்லை. துறைக்குத் துறை இறங்கிப் பாதைப் படகுக்குக் காத்து நிற்க வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன் பின் மற்றத் துறைகளுக்கும் பாலம் வந்தது. இப்போது உழவு இயந்திரமும் ஓட்டோவும் ஓடும் ஈச்சிலம்பற்றுப் பக்கமும் இடைக்கிடை ஒரு பழைய பென்ஸோ பி.எம்.டபிள்யூவோ தலைகாட்டலாம்.

2020 மார்ச்சில் நிறுத்திய தனியார் வாகன இறக்குமதியை அரசாங்கம் 2025 பெப்ரவரியில்தான் திரும்ப அனுமதித்தது. இடைப்பட்ட காலத்தில் சின்ன ஜப்பான் கார்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது. பதினைந்து, இருபது வயதான ஐரோப்பியச் சொகுசுக் காரோ பல வேளை அவற்றைவிட மலிவு. ஆசை வரத்தான் செய்யும். விற்பவரும் மீட்டரைக் காட்டுவார்: "ஓட்டம் குறைவு, வீட்டிலேயே நின்ற வாகனம்."

அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டதும்தான் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எஞ்சினுக்குள் உரசும் இரும்புக்குத் தூரத்தால் வயது ஏறுகிறது. ஒயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் மூன்று இலட்சம் கிலோமீற்றர் ஓடியும் சளைக்காத எஞ்சின்கள் உண்டு. ஆனால் சொகுசு என்று நாம் காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் இரும்பில் இல்லை. வெளிச்சத்தம் உள்ளே வராததும், குழி தெரியாததும், எஞ்சின் நடுக்கம் கைக்கு எட்டாததும் இறப்பரின் உபயம். எஞ்சினைத் தாங்கும் மவுண்டுகள், சில்லைப் பிடித்திருக்கும் புஷ்கள், கதவோரப் பட்டிகள், ஒயில் சீல்கள் எல்லாம் அதன் குடும்பந்தான். இறப்பருக்குக் கிலோமீற்றர்க் கணக்கு பெரிதில்லை. காலமும் வெப்பமுமே அதை அரிக்கின்றன.

இந்த நாட்டுக்கு இறப்பர் பழைய உறவு. ஆசியாவில் முதன்முதலில் இறப்பர்க் கன்றுகள் நடப்பட்ட இடங்களில் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டமும் ஒன்று, ஆண்டு 1876. பாலை உறையவைத்தால் கிடைப்பது வெயிலில் பிசுபிசுத்துக் குளிரில் விறைக்கும் பொருள். 1839இல் சார்ள்ஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடாக்கினார். நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகளுக்கு நடுவே கந்தகம் பிணைப்புப் போட, இழுத்தால் நீண்டு விட்டால் திரும்பும் குணம் நிலைத்தது. ஆனாலும் அந்தச் சங்கிலிகளில் இரட்டைப் பிணைப்புகள் மிஞ்சியிருக்கின்றன. காற்றிலுள்ள ஒட்சிசனும், மிகச் சொற்பமாக உள்ள ஓசோனும் அங்கேதான் கடிக்கின்றன. வெப்பநிலை 10 பாகை கூடினால் இத்தகைய தாக்கங்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகும் என்பது வேதியியலில் ஒரு பழைய கைக்கணக்கு. டோக்கியோவின் ஆண்டுச் சராசரி 16 பாகையை ஒட்டியது. திருகோணமலையில் 28ஐ ஒட்டியது. அங்கே ஒரு வருடத்தில் முதிரும் இறப்பர் இங்கே ஆறு மாதத்துக்குள் அவ்வளவு முதிர்ந்துவிடும். கச்சான் வீசும் மாதங்களில் வெயிலில் நிற்கும் காருக்கு இந்தக் கணக்கும் போதாது.

இறப்பர் செய்பவர்கள் இதை அறியாதவர்கள் இல்லை. ஓசோனை மறிக்கும் மெழுகையும் இரசாயனங்களையும் கலந்தே வார்க்கிறார்கள். அவை மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து காப்புப் படலமாகும். இறப்பர் வளைந்து நெளியும்போது அந்தக் கசிவு நன்றாக நடக்கும். வருடக்கணக்கில் கொட்டிலில் நின்ற காரில் படலம் புதுப்பிக்கப்படாமல், வளைவான இடங்களில் தலைமயிர் போன்ற வெடிப்புகள் விழுகின்றன.

இதன் உச்சத்தைக் காற்றுத் தாங்கிகளில் பார்க்கலாம். 1998இல் வந்த பென்ஸ் எஸ் வகுப்பு, சுருள்வில்லை விட்டுவிட்டு நான்கு மூலையிலும் காற்றுப் பைகளில் உட்கார்ந்தது. இரண்டு தொன்னுக்கு அண்மித்த காரைச் சுமப்பது நூலிழை பாய்ச்சிய மெல்லிய இறப்பர் உறை. உள்ளே ரயரில் உள்ளதைவிடப் பல மடங்கு அழுத்தம். உறை தன் மேலேயே மடிந்து மடிந்து உருளும். முதல் கீறல் விழுவது அந்த மடிப்பில். கடற்கரை மணலும் உப்பும் போய்ச் சேர்வதும் அங்கேதான்.

ஊசித்துளையளவு கசிவு தொடங்கினால் ஓட்டுபவருக்கு ஒன்றும் தெரியாது. இழந்த காற்றைக் கொம்பிரஷர் நிரப்பிக்கொண்டே இருக்கும். விட்டுவிட்டு ஓடுவதற்கென்று செய்த அந்தச் சின்ன இயந்திரம் ஓயாமல் ஓடிச் சூடேறித் தேயும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் மணிகளுக்கும் உலர நேரம் கிடைக்காது. ஈரம் வால்வுகளுக்குள் இறங்கும். கடைசியில் ஒரு பைக்குப் பதிலாகப் பை, கொம்பிரஷர், வால்வுத் தொகுதி என்று மூன்றுக்குக் காசு கட்ட வேண்டிவரும். வாங்கப் போகிறவர் மாலையில் காரைச் சமதரையில் நிறுத்தச் சொல்லி, விடியப் போய்ப் பார்க்கலாம். ஒரு மூலை குந்தியிருந்தால் சவர்க்கார நீரைத் தெளித்தாலே குமிழி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கியர்பெட்டி ஒயிலும் காலக்கெடுவுக்குத் தப்பவில்லை. பல கார்க் கம்பனிகள் அதை ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்கின்றன. அவற்றில் பலவற்றுக்குப் பெட்டி செய்யும் இசட்.எஃப் நிறுவனமோ 80,000 முதல் 120,000 கிலோமீற்றருக்குள், அல்லது 8 வருடத்தில் மாற்றச் சொல்கிறது. நான் பெட்டி செய்தவனைத்தான் நம்புவேன்.

இனிச் செலவு. கார் மலிந்தாலும் அதன் பாகங்கள் மலிவதில்லை. அவற்றின் விலை கார் புதிதாயிருந்த காலத்து விலையோடு கட்டுண்டது. ஆயிரம் டொலர் பெறுமதியான ஒரு தாங்கி, 2022 தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் ரூபாய். அதே வருடம் மே மாதம் ரூபாய் சரிந்தபோது மூன்று இலட்சத்து அறுபதாயிரம், தீர்வையும் கூலியும் சேராமல்.

ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு ஓடுவார்கள். கழற்றிய கியர்பெட்டி, கதவு, கண்ணாடிக்கு அது நல்ல சந்தை. கழற்றிய காற்றுப் பையை மட்டும் அங்கே வாங்கக் கூடாது. அதே வயதுக் காரின் இறப்பர் அதே வயதுதான்.

1957இல் காடிலாக் கம்பனி எல்டொராடோ புறூம் காருக்குக் காற்றுத் தாங்கி பூட்டியது. அன்றைக்கே விலை 13,000 டொலரைத் தாண்டியது. கசிவு தாங்காமல் பல சொந்தக்காரர்கள் உருக்குச் சுருளுக்கு மாறினார்கள். இன்றைய கார்களுக்கும் அப்படி மாற்றும் சுருள்கள் விற்கின்றன. பூட்டினால் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். அதை அடக்கத் தனியாக ஒரு சின்ன மின்பெட்டி வேண்டும். வீதிக் குழிகளும் கொஞ்சம் தெரியும். தெரியட்டும். கொழும்புக் கராஜ் 200 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள ஊரில், சாயாத கார் இருந்தால் போதும் என்பேன்.