தட்டம்மை அழிக்கும் நினைவு

1846-இல் வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ தீவுகளில் தட்டம்மை புகுந்தது. அங்கே வாழ்ந்த ஏறத்தாழ 7,800 பேரில் சுமார் 6,000 பேர் சில மாதங்களில் படுத்துவிட்டார்கள். டென்மார்க் அரசு அனுப்பிய மருத்துவர் பீட்டர் லுட்விக் பேனுமுக்கு அப்போது வயது 25. அவர் ஊர் ஊராகப் போய், யாருக்கு எந்தத் தேதியில் தடிப்பு வந்தது என்று விசாரித்துக் குறித்தார்.

முதியவர்களிடம் அவர் கண்டதுதான் பெரிய விஷயம். அந்தத் தீவுகளில் அதற்கு முன் தட்டம்மை வந்தது 1781-இல். அன்று நோயில் விழுந்து எழுந்த ஒருவரைக்கூட, 65 ஆண்டுகள் கழித்து வந்த நோய் தொடவில்லை. அன்று தப்பியிருந்த முதியவர்களை இப்போது அது பிடித்துக்கொண்டது.

இவ்வளவு காலம் அந்த நினைவைக் காப்பது பி செல்கள் என்ற வெள்ளையணுக்கள். மரபணுத் துண்டுகளை மாற்றி மாற்றி இணைத்து, இன்னும் சந்திக்காத கிருமிகளுக்கும் சேர்த்தே கோடிக்கணக்கான வடிவங்களில் உடல் இவற்றை உண்டாக்கி வைக்கிறது. இதைக் கண்டறிந்த சுசுமு டோனேகாவாவுக்கு 1987-இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமி நுழைந்ததும் அதனோடு பொருந்துகிற செல் மட்டும் பெருகுகிறது. நிணநீர் முடிச்சுகளுக்குள் அதன் வாரிசுகள் தங்கள் மரபணுவையே சிறிது சிறிதாகத் திருத்திக்கொள்கின்றன. கிருமியை இறுகப் பற்றுபவை பிழைக்கின்றன, மற்றவை மடிகின்றன. பிழைத்தவற்றில் சில எலும்பு மஜ்ஜையில் குடியேறி ஆண்டுக்கணக்கில் ஆன்டிபாடிகளைச் சுரக்கும். சில, நினைவு செல்களாகக் காத்திருக்கும்.

தட்டம்மை வைரஸ் தாக்குவது இந்த நினைவு செல்களைத்தான். அவற்றின் மேலுள்ள சிடி150 என்ற புரதத்தைப் பிடித்துக்கொண்டு உள்ளே புகுந்து அழிக்கிறது. நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளை ஆராய்ந்து 2019-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தட்டம்மைக்குப் பிறகு, மற்ற கிருமிகளுக்கு எதிராக அவர்களிடம் இருந்த ஆன்டிபாடி வகைகளில் 11 முதல் 73 சதவீதம் வரை காணாமல் போயிருந்தன. தட்டம்மையின் நினைவு மட்டும் உறுதியாகப் பதிந்துவிடுகிறது. மற்றதைக் குழந்தை அந்தக் கிருமிகளை மீண்டும் சந்தித்தோ, தடுப்பூசிகளை மீண்டும் போட்டுக்கொண்டோதான் சம்பாதிக்க வேண்டும்.

"எல்லாப் பிள்ளைகளுக்கும் வந்து போவதுதானே" என்று இன்றும் சிலர் சொல்லும்போது மனம் பதறுகிறது. தடுப்பூசியில் உள்ள பலவீனமாக்கிய வைரஸ், தட்டம்மையின் நினைவைத் தருகிறது. பழைய நினைவுகளை அழிப்பதில்லை. இங்கிலாந்து, அமெரிக்கா, டென்மார்க் நாடுகளின் பழைய இறப்புப் பதிவுகளைப் புரட்டிய 2015-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, தட்டம்மை பரவிய பிறகு இரண்டு மூன்று ஆண்டுகள் வரை வேறு தொற்றுகளால் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடியிருந்ததைக் காட்டியது.