தோட்டத்திற்குச் செல்லும் மின்சாரம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓடு வேய்ந்த சிறு கொட்டகை ஒன்று உண்டு. மண்வெட்டி, கடப்பாரை, உரமூட்டை ஆகியவை அதில் இருக்கும். அதை அடுத்து ஒரு சிறிய அல்லிக்குளம். நீர் தேங்கி நாறாமல் இருக்கக் கரையில் ஒரு பம்பை வைத்து, நீரைச் சுழலச் செய்யலாம் என்று எண்ணினேன். வீட்டுக்கும் கொட்டகைக்கும் இடையே 30 மீட்டர் தூரம். சமையலறைப் பிளக்கிலிருந்து இரட்டைக் கம்பி ஒன்றை இழுத்து, மதில்மேலும் கொய்யாக் கிளையிலும் கட்டி, கொட்டகைக்கும் பம்புக்கும் இணைத்துவிட்டேன். விளக்கும் எரிந்தது, பம்பும் ஓடியது. ஒரு மணி நேரத்தில் முடிந்த வேலை என்று பெருமையும் கொண்டேன்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலைப் பொழுது. கல்லூரியில் படிக்கும் என் தமக்கை மகன் குளத்தில் விழுந்த சருகுகளை அள்ளச் சென்றான். பம்பின்மேல் கையை ஊன்றியவன் அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தான். காலில் ரப்பர்ச் செருப்பு இருந்தமையால் உயிர் பிழைத்தான். நான் ஓடிச் சென்று மெயின் ஸ்விட்சை அணைத்தேன். அதுவரை பம்பு ஒன்றுமே நடவாததுபோல் ஓடிக்கொண்டிருந்தது! ப்யூஸ் போகவே இல்லை.

மறுநாள் வந்த மின்கம்பியாளரிடம் இதைச் சொல்லி வியந்தேன். அவர் வியக்கவில்லை. "ப்யூஸ் கம்பிக்குக் காவல், ஐயா, ஆளுக்குக் காவல் இல்லை" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை விளக்குவதே என் பேச்சின் நோக்கம்.

மாணவர்களே, ஒரு சிறு கணக்கைப் பாருங்கள். நம் வீட்டு மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். ஈரமான உடலின் தடை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொள்ளலாம். ஓமின் விதிப்படி வகுத்தால், உடலில் பாயும் மின்னோட்டம் 230 மில்லியாம்பியர். அதாவது, ஓர் ஆம்பியரில் கால் பங்குக்கும் குறைவு. எங்கள் ப்யூஸோ 15 ஆம்பியர் தாங்குவது. மனிதன் ஒருவனைக் கொல்லப் போதுமான மின்னோட்டம் அதற்கு ஒரு பொருட்டே அன்று. கம்பி சூடேறித் தீப்பற்றாமல் காப்பதே அதன் தொழில். அதன் இடத்தில் இன்று வந்துள்ள எம்.சி.பி.யின் தொழிலும் அதுவே.

உடலுக்கோ மிகச் சிறிய அளவும் போதும். அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சியல் என்பவர், தாமாக முன்வந்தோரைக் கொண்டு இதனை ஆராய்ந்தார். கையில் பற்றிய மின்கம்பியைத் தன் விருப்பப்படி விட்டுவிடக்கூடிய எல்லை, ஆடவருக்குச் சராசரி 16 மில்லியாம்பியர், மகளிருக்குச் சராசரி 10.5 மில்லியாம்பியர் என்று கண்டார். அதற்கு மேற்பட்டால் தசைகள் இறுகிவிடும்; விட நினைத்தாலும் கை விடாது. இன்னும் மிகுந்தால் இதயத்தின் துடிப்பு குலைந்துவிடும்.

அப்படியானால் நிலத்தொடர்பு, அதாவது 'எர்த்து', நம்மைக் காவாதா? என் இரட்டைக் கம்பியில் அதற்குரிய மூன்றாவது கம்பியே இல்லை. அது என் முதற் பிழை. ஆயினும் கொட்டகையருகே ஓர் இரும்புக் கம்பியை மண்ணில் அடித்துப் பம்போடு இணைத்திருந்தாலும் போதாது. அங்கே மண்ணின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 20-ஆல் வகுத்தால் 11.5 ஆம்பியர். 15 ஆம்பியர் ப்யூஸ் அப்போதும் உருகாது; பம்பின் உடலில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். நிலத்தொடர்பு கட்டாயம் வேண்டும்; அதனோடு இன்னொரு காவலும் வேண்டும்.

அந்தக் காவலே மின்கசிவுத் துண்டிப்பான். கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கிடைக்கும். அதன் தத்துவம் ஒரு நல்ல கணக்கப்பிள்ளையின் தத்துவம். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. இரு கம்பிகளும் ஒரு காந்த வளையத்தினூடே செல்கின்றன. கணக்கு சரியாக இருந்தால் ஒன்றின் காந்த விளைவை மற்றொன்று அழித்துவிடும். ஒரு பகுதி மனிதன் வழியாக மண்ணுக்குள் போய்விட்டால் சமநிலை கெடும்; வளையத்தில் சுற்றிய மூன்றாவது சுருளில் மின்சாரம் தோன்றும்; அது கொக்கியை விடுவித்து இணைப்பை அறுக்கும். டால்சியல் இத்தகைய கருவி ஒன்றை 1961-இல் உருவாக்கினார். நீச்சல் குளங்களில் நீருக்கடியில் எரியும் விளக்குகளுக்கு இக்காவல் வேண்டும் என்று அமெரிக்க மின்விதிகள் 1968-இல் வற்புறுத்தின.

வீடுகளுக்கு ஏற்றது 30 மில்லியாம்பியர்க் கருவி. அதன் அளவைப்போல் ஐந்து மடங்கு மின்னோட்டம் கசிந்தால், அது 0.04 நொடிக்குள் துண்டிக்க வேண்டும் என்பது நியதி. நாம் கணக்கிட்ட 230 மில்லியாம்பியர் அதனினும் மிகுதி. இதயம் ஒரு முறை துடிக்க ஏறத்தாழ 0.8 நொடி ஆகும். அதில் இருபதில் ஒரு பங்கு நேரத்திற்குள் ஆபத்து நீங்கிவிடுகிறது. அதிர்ச்சி தெரியும், உயிர் தங்கும்.

எங்கள் தோட்டத்திற்கு இப்போது செய்திருக்கும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். வீட்டு மெயின் போர்டிலிருந்தே தனி இணைப்பு புறப்படுகிறது. எம்.சி.பி.யும் மின்கசிவுத் துண்டிப்பானும் அங்கேயே இருப்பதால், கேபிள் முழுவதும் காவலுக்குள் அடங்குகிறது. இரும்புக் கவசமிட்ட மூன்று கம்பிக் கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில் புதைத்து, மணல் பரப்பி, மேலே செங்கல் அடுக்கியிருக்கிறோம். நாளை எவரேனும் கடப்பாரை போட்டாலும் செங்கல் எச்சரிக்கும். கேபிளின் கவசமும் பம்பின் உடலும் நிலத்தொடர்பு பெற்றுள்ளன. கொட்டகையில் இரு கம்பிகளையும் ஒருங்கே துண்டிக்கும் ஸ்விட்ச் உண்டு. குளத்து விளக்குகள் 12 வோல்ட்டில் எரிகின்றன. அவற்றுக்குரிய மின்மாற்றி நீரை விட்டு விலகிக் கொட்டகைக்குள் இருக்கிறது. இவற்றையெல்லாம் செய்தவர் உரிமம் பெற்ற அந்த மின்கம்பியாளரே. நான் உடனிருந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

இக்கருவிக்கும் ஓர் எல்லை உண்டு. உலர்ந்த பலகைமேல் நின்றுகொண்டு ஒருவன் இரு கம்பிகளையும் இரு கைகளால் தொட்டால், போனதும் வந்ததும் சமமாகவே இருக்கும். கணக்கப்பிள்ளைக்குக் குற்றம் தெரியாது. ஆதலின், நீரில் கை வைக்குமுன் ஸ்விட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்குவது என்றும் மாறாத விதி. பிறர் ஒருவர் மின்சாரத்தில் சிக்கிக்கொண்டாலும் முதலில் ஸ்விட்சை அணையுங்கள். அதற்குமுன் அவரைத் தொடாதீர்கள்.

கருவியின் முகத்தில் சோதனைப் பொத்தான் ஒன்று இருக்கும். அழுத்தியவுடன் அது துண்டிக்க வேண்டும். துண்டிக்காவிட்டால் காவல்காரன் உறங்குகிறான் என்று பொருள். மாதந்தோறும் முதல் தேதியன்று எங்கள் வீட்டில் அதை அழுத்திப் பார்ப்பவன் என் தமக்கை மகன்தான். நான் மறந்தாலும் அவன் மறப்பதில்லை. உங்கள் வீட்டில் அக்கருவி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இல்லையேல், பெரியவர்களிடம் இந்த 230 மில்லியாம்பியர்க் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.