நாயின் இதயப்புழுவும் மாதாந்தத் தடைமருந்தும்

கமக்காரனுக்கு நாய் வெறும் வளர்ப்புப் பிராணி அன்று. நெற்கதிர் முற்றுங் காலத்தில் காட்டுப்பன்றி வயலில் இறங்கியதை முதலில் அறிவிப்பது அதுவே. மரவள்ளித் தோட்டத்தை முள்ளம்பன்றி அகழ்வதையும், மிளகாய்ப் பாத்தியில் அயல்மாடு புகுவதையும் அது குரைத்துக் காட்டுகின்றது. இரவு முழுவதும் காவலிருக்கும் இப்பிராணியை விசர்நோயினின்று காக்க ஆண்டுதோறும் ஊசி போடுவிப்பவர் பலர். ஆயின் அதே நாயை ஒவ்வோர் இரவும் தாக்கும் இன்னோர் எதிரியைப் பற்றி எண்ணுவோர் சிலரே. அவ்வெதிரி நுளம்பு ஆகும்.

வீட்டிலுள்ளோர் நுளம்பு வலைக்குள் உறங்கலாம். நாயோ திண்ணையிலும் வரப்பிலும் வாய்க்காற் கரையிலும் திறந்த வெளியிற் படுத்திருக்கின்றது. நுளம்பு கடிக்கும்போது சிலவகை நூற்புழுக்களின் குஞ்சுகள் நாயின் உடலிற் புகுகின்றன. அவற்றுள் மிகக் கொடியது இதயப்புழு. அது வளர்ந்தபின் அழிப்பது கடினம். வளருமுன் அழிப்பது எளிது. அவ்வாறு அழிப்பதற்கு மாதம் ஒருமுறை தவறாது கொடுக்கவேண்டிய மருந்தைப் பற்றி இங்கு விளக்கப்படுகின்றது.

புழுவின் வாழ்க்கை

இதயப்புழுவை விஞ்ஞானிகள் டைரோபிலேரியா இமிற்றிஸ் என்பர். முதிர்ந்த பெண்புழு ஏறத்தாழ 30 சதமமீற்றர் நீளமுள்ளது. ஆண்புழு அதிற் பாதியளவினது. நூல் போன்ற இப்புழுக்கள் இதயத்தினின்று சுவாசப்பைக்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் நாடிகளில் வாழும். தொகை மிகுந்தால் இதயத்தின் வலப்பக்க அறைகளிலும் நிறையும். நாயின் உடலில் ஒரு புழு 5 முதல் 7 ஆண்டு வரை உயிர்வாழக் கூடும்.

பெண்புழு கண்ணுக்குப் புலப்படாத நுண்குஞ்சுகளை இரத்தத்தில் விடுகின்றது. அக்குஞ்சுகள் நாயின் உடலுக்குள்ளேயே இருந்து முதிர்புழுவாக வளர மாட்டா. ஒரு நுளம்பு அந்நாயின் இரத்தத்தை உறிஞ்ச வேண்டும். அதன் உடலுக்குள் ஏறக்குறைய இரு வாரங் குஞ்சுகள் வளர்ச்சியடைய வேண்டும். அதன்பின் அந்நுளம்பு வேறொரு நாயைக் கடிக்கும்போது அவை கடிவாயின் வழியே உட்புகும். ஆகவே நாய்கள் ஒன்றையொன்று நக்குவதாலோ, கடிப்பதாலோ, ஒரே கலத்தில் உண்பதாலோ இந்நோய் தொற்றுவதில்லை. இடையில் நுளம்பு இருந்தே ஆகவேண்டும்.

புகுந்த குஞ்சு முதலிற் தோலின் கீழும் தசைகளிலும் தங்கித் தோலுரித்து வளர்கின்றது. இரண்டு மாதமளவில் அது இளம்புழுவாகி, பின்னர் இரத்தக்குழாயை அடைந்து சுவாசப்பை நாடியை நோக்கிச் செல்கின்றது. ஆறு ஏழு மாதத்தில் முதிர்ந்து தானும் குஞ்சுகளை விடத் தொடங்குகின்றது. இக்கால அளவுகளை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். மருந்து ஏன் மாதந்தோறும் கொடுக்கப்படுகின்றது என்பதற்கு விடை இவற்றிலேயே உளது.

எமது நாட்டு நிலை

இலங்கை நாய்களிற் பெரிதும் காணப்படுவது இதயப்புழுவின் உறவினமாகிய டைரோபிலேரியா றெப்பென்ஸ் என்னும் புழுவாகும். இது இதயத்தில் அன்றித் தோலின் கீழ் வாழ்வது. பெண்புழு 10 முதல் 17 சதமமீற்றர் வரை நீளும். இப்புழுவுள்ள நாய்கள் பெரும்பாலும் நோயின் குறி எதனையுங் காட்டா. சிலவற்றிலே தோலில் அரிப்பும் சிறு கட்டிகளும் தோன்றும்.

நாய்க்குப் பெருந்தீங்கு இல்லையெனின் நாம் ஏன் கவலைப்பட வேண்டும் எனச் சிலர் வினவலாம். இப்புழுவின் குஞ்சைச் சுமந்த நுளம்பு மனிதரையுங் கடிக்கின்றது. மனித உடலில் அப்புழு பெரும்பாலும் முழு வளர்ச்சியடைந்து பெருகுவதில்லை. எனினும் தோலின் கீழ்க் கட்டியாகவும், கண்ணிமையில் வீக்கமாகவும், சில வேளைகளிற் கண்ணின் வெண்பகுதியில் நெளியும் புழுவாகவும் அது வெளிப்படுகின்றது. இலங்கையில் இவ்வாறு பலர் பாதிக்கப்பட்டுள்ளனர். சிறுவரும் அவருள் அடங்குவர். வைத்தியர் சிறு சத்திரசிகிச்சையால் புழுவை அகற்றுவர். நாயைத் தொடுவதாலோ தடவுவதாலோ இது வருவதில்லை. நாயைக் கடித்த நுளம்பு பின்னர் எம்மைக் கடிப்பதாலேயே வருகின்றது. எனவே முற்றத்து நாயின் இரத்தத்திற் புழுக்குஞ்சு இல்லாதிருத்தல், திண்ணையிற் பாடம் படிக்கும் பிள்ளைக்கும் பாதுகாப்பாகும்.

இதயப்புழு வெப்பநாடுகள் பலவற்றில் உண்டு. அயல்நாடாகிய இந்தியாவின் வடகிழக்குப் பகுதியிலும் அது காணப்படுகின்றது. ஒரு நாயில் எப்புழு உளது, எம்மருந்து பொருந்தும் என்பவற்றை மிருக வைத்தியரே தீர்மானிக்க வேண்டும். மாதாந்த மருந்துகளுட் சில இவ்விரு புழுக்களையும் தடுக்கவல்லன.

நோயின் அறிகுறிகள்

இதயப்புழு கொண்ட நாய் தொடக்கத்தில் நலமாகவே தோன்றும். சில மாதங்களோ ஆண்டுகளோ சென்றபின் வறட்டு இருமல் உண்டாகும். முன்னர் வயல் முழுவதும் ஓடித் திரிந்த நாய் பாதி வழியிற் படுத்துவிடும். உணவு உண்டும் மெலியும். நோய் முற்றினால் வயிற்றில் நீர் சேர்ந்து வீங்கும்; ஓடும்போது மயங்கி விழும். சில நாய்கள் திடீரெனச் சோர்ந்து, கருஞ்சிவப்பான சிறுநீர் கழித்து இறந்துபடும். இவற்றைக் கண்டு, நாய்க்கு வயதாகிவிட்டது என்று விட்டுவிடலாகாது.

முதிர்ந்த புழுக்களைக் கொல்லுதற்கு ஊசிமருந்து உண்டு. ஆயின் அது விலை மிகுந்தது. எங்கும் எளிதிற் கிடைப்பதுமன்று. மேலும் இறந்த புழுக்கள் துண்டு துண்டாகிச் சுவாசப்பையின் இரத்தக்குழாய்களை அடைத்துக்கொள்ளும். ஆதலால் சிகிச்சை பெறும் நாயைப் பல வாரங் கட்டிவைத்து, ஓடவிடாது காக்க வேண்டும். காவல் நாயை அவ்வாறு வைத்திருப்பது எத்துணை கடினம் என்பதைக் கமக்காரர் அறிவர்.

தடைமருந்து வேலை செய்யும் முறை

மாதாந்த மருந்து வருங்காலத்திற்குப் போடும் வேலி என்று பலர் எண்ணுகின்றனர். அம்மருந்துகளிற் பெரும்பாலானவற்றின் செயல் அவ்வாறன்று. இன்று கொடுக்கும் மருந்து, கடந்த மாதத்திற் புகுந்த குஞ்சுகளைக் கொல்லுகின்றது. நாளை புகும் குஞ்சை அடுத்த மாத மருந்தே கொல்லும்.

வயலிற் களையெடுப்பதை இதற்கு உவமையாகக் கூறலாம். முளைத்த களையை இளமையிற் பிடுங்கினால் வேலை எளிது. வேரூன்றி விதை கொட்டியபின் பிடுங்கினால் நெல்லுக்குஞ் சேதம், கைக்கும் நோவு. இம்மருந்து இளங்களையைப் பிடுங்குவது போன்றது. புகுந்து ஏறத்தாழ ஒரு மாதத்திற்குட்பட்ட குஞ்சுகள் அதற்கு இலகுவாக மடியும். இரண்டு மாதங் கடந்து இளம்புழுவாகிவிட்டவற்றை அதே அளவு மருந்து நிச்சயமாகக் கொல்லும் என்று நம்பலாகாது. அவை முதிரும்வரை இரத்தப் பரிசோதனையிலும் அகப்படா. ஆகவே இரு மாதம் மறந்திருந்து மூன்றாம் மாதம் இருமடங்கு கொடுப்பதாற் பயனில்லை, தீங்கே உண்டாகும்.

இவ்வின மருந்துகளுள் நன்கு அறியப்பட்டது ஐவமெக்ற்றின். யப்பான் நாட்டு மண்ணிலிருந்து சதோஷி ஒமுரா என்னும் விஞ்ஞானி பிரித்தெடுத்த ஒரு நுண்ணுயிரே இதற்கு மூலமாகும். அவருக்கும், அம்மூலப்பொருளின் புழுக்கொல்லும் ஆற்றலைக் கண்ட வில்லியம் காம்பெலுக்கும் 2015 ஆம் ஆண்டில் நோபல் பரிசிற் பங்கு வழங்கப்பட்டது. நாயின் இதயப்புழுவைத் தடுக்க இம்மருந்து ஐக்கிய அமெரிக்காவில் 1987 இல் அனுமதிக்கப்பட்டது.

கொடுக்கும் முறை

ஏழு மாதத்திற்கு மேற்பட்ட நாயாயின் முதலில் இரத்தப் பரிசோதனை செய்விக்க வேண்டும். இரத்தத்தில் நுண்குஞ்சுகள் மிகுதியாயிருக்கும்போது மருந்து கொடுத்தால் அவை ஒருங்கே மடிந்து நாய்க்கு அதிர்ச்சியை உண்டாக்கக் கூடும். குட்டிகளுக்கு எட்டு வார வயதளவில் மருந்தைத் தொடங்கலாம்; அவற்றிற்குப் பரிசோதனை பின்னரே தேவைப்படும்.

மருந்தின் அளவு நாயின் நிறையைப் பொறுத்தது. வளரும் குட்டியின் நிறை மாதந்தோறும் மாறும். வீட்டிலே தராசில் நின்று முதலில் உமது நிறையைப் பார்த்து, பின் குட்டியைத் தூக்கிக்கொண்டு பார்த்தால், இரண்டிற்கும் உள்ள வேறுபாடே குட்டியின் நிறை ஆகும்.

உண்ணும் மருந்தை நாய் விழுங்கியதைக் கண்ணாற் கண்டபின்னரே எழவேண்டும்; உணவில் இட்டுவிட்டுச் சென்றால் அதைத் துப்பிவிடும் நாய்கள் உண்டு. தோலில் இடும் மருந்தாயின், அது உலரும்வரை நாயை வாய்க்காலில் இறங்கவிடலாகாது.

நாளை மறவாதிருக்க ஒரு வழி கூறுவோம். பூரணைக்குப் பூரணை 29 அல்லது 30 நாள்களாகும். எமது நாட்டிற் பூரணை விடுமுறை நாள். வீட்டிலுள்ளோர் பெரும்பாலும் வீட்டிலேயே இருப்பர். ஒவ்வொரு பூரணையன்றும் மாலை நாய்க்கு மருந்து கொடுப்பதென வகுத்துக்கொண்டு, கொடுத்ததும் நாட்காட்டியில் அடையாளமிடுக. அறுவடைக் காலத்திலும் விதைப்புக் காலத்திலும் வேலைமிகுதியால் மறதி உண்டாவது இயல்பு. ஆகையால் இப்பொறுப்பை வீட்டிலுள்ள மாணவர் ஒருவரிடம் ஒப்படைத்தல் நன்று.

ஒரு மாதந் தவறிவிட்டால், நினைவு வந்த அன்றே உரிய அளவைக் கொடுத்து, மிருக வைத்தியருக்கு அறிவித்து, ஆறு ஏழு மாதத்தின் பின் பரிசோதிப்பிக்க வேண்டும். தவறாது கொடுப்போரும் ஆண்டுக்கொருமுறை பரிசோதிப்பித்தல் நன்று. களைநாசினிக்கு அடங்காத களைகள் தோன்றுவதுபோல, இம்மருந்துக்கு அடங்காத இதயப்புழுக்கள் ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கிற் காணப்பட்டுள்ளன.

மாட்டு மருந்தை நாய்க்குக் கொடுக்கலாகாது

மாட்டுக்கு வாங்கிய ஐவமெக்ற்றின் போத்தல் வீட்டிலிருப்பின், அதிற் சிறிது நாய்க்குக் கொடுத்தாற் போதும் எனச் சிலர் கருதுகின்றனர். இது பேராபத்தான எண்ணம். கணக்கைப் பாருங்கள்.

இதயப்புழுவைத் தடுப்பதற்கு நாயின் நிறையில் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 6 மைக்குரோகிராம் மருந்தே தேவை. எனவே 15 கிலோகிராம் நிறையுள்ள நாய்க்கு வேண்டியது 90 மைக்குரோகிராம். மாட்டுக்குரிய நூற்றுக்கொரு பங்குக் கரைசலில் ஒரு மில்லிலீற்றரில் 10,000 மைக்குரோகிராம் உளது. அஃதாவது அந்நாய்க்கு வேண்டிய அளவைப்போல் நூறு மடங்கிற்கும் மேலாகும். ஒரே துளி கொடுப்பினும் ஐந்து மடங்களவாகிவிடும். இவ்வளவு சிறிய தொகையை வீட்டில் எவராலும் அளந்தெடுக்க இயலாது.

அளவு மிஞ்சினால் நாய் தள்ளாடும், வாய்நீர் வடிக்கும், கண்மணி விரிந்து பார்வை மங்கும், நினைவிழந்து இறக்கவுங் கூடும். கொலி என்னும் மேய்ப்பு நாயினமும் அதன் கலப்பினங்களும் பிற நாய்கள் தாங்கும் அளவையுந் தாங்கமாட்டா. அவ்வாறே, நுளம்பையும் உண்ணியையும் ஓட்டுதற்காகப் பயிருக்குத் தெளிக்கும் பீடைநாசினியை நாயின் உடலிற் பூசுதலும் ஆகாது.

நுளம்பைக் குறைத்தல்

மருந்தோடு சுற்றாடற் சுத்தமும் வேண்டும். சிரட்டை, இளநீர்க் கோம்பை, பழைய டயர், உடைந்த பானை ஆகியவற்றில் நீர் தேங்கவிடலாகாது. தென்னம்பொச்சு ஊறும் குழிகளும் நுளம்பின் விளைநிலங்களே. குளத்திலும் வாய்க்காலிலும் அடர்ந்த ஆகாயத்தாமரை போன்ற நீர்த்தாவரங்களை அகற்றுதல் அவசியம். அவற்றின் வேர்களைப் பற்றிக்கொண்டு வாழும் நுளம்புக் குடம்பிகள் உண்டு. அவ்வின நுளம்புகள் நாய்ப்புழுவை மட்டுமன்றி, மனிதரின் யானைக்கால் நோயில் ஒருவகையையும் பரப்பவல்லன. வயலில் நீர் இடைவிடாது தேங்கி நிற்கவிடாமல், பயிருக்கு ஊறின்றி இடையிடையே வடித்துக் காயவிடுதல் நீரையும் மிச்சப்படுத்தும், நுளம்பையுங் குறைக்கும்.

ஆயினும் நெல் விளையும் நாட்டில் நுளம்பே இல்லாதிருக்கச் செய்தல் இயலாது. ஆதலாற் சுற்றாடற் சுத்தம் மருந்துக்குத் துணையே அன்றி ஈடு ஆகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மருந்தைத் தொடங்குமுன் மிருக வைத்தியரைக் கண்டு, நாயின் இரத்தத்தைப் பரிசோதிப்பிக்குக. விசர்நோய்த் தடையூசியையும் அப்போதே போடுவிக்கலாம்.
2. நிறையை அறிந்து, நாய்க்கென ஆக்கப்பட்ட மருந்தை மட்டுங் கொடுக்குக.
3. பூரணைக்குப் பூரணை தவறாது கொடுக்குக. மாரியில் மட்டுங் கொடுத்துக் கோடையில் நிறுத்தலாகாது. எமது நாட்டில் ஆண்டு முழுவதும் நுளம்பு உண்டு.
4. தவறிய மாதத்திற்கு ஈடாக இருமடங்கு கொடுக்கலாகாது.
5. நாய் இருமினாலோ, இளைத்தாலோ, விரைவிற் களைத்தாலோ தாமதியாது வைத்தியரிடங் கொண்டுசெல்க.

விளைந்த பயிரை இரவெல்லாம் காக்கும் நாய்க்கு, மாதத்தில் ஒருநாள் ஒரு நிமிடம் நாம் காவலிருத்தல் பெரிய செயலன்று. அதனால் நாயும் பிழைக்கும், வீட்டாரும் நலமுறுவர்.